பொருள் ஒன்று, அடுக்கு வேறு

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் 1984ஆம் ஆண்டு எஸ்.ஜி.எஸ். என்னும் இத்தாலிய நிறுவனம் ஓர் ஆலையை நிறுவிற்று. சிலிக்கன் தகட்டில் நுண்ணிய மின்சுற்றுகளைப் பதிக்கும் ஆலைகளுள் இந்நாட்டில் அதுவே முதலாவது. அத்தொழிலுக்கு வேண்டிய சிலிக்கன், படிக வடிவச் சிலிக்கனாகும். அதற்கு மற்றொரு வடிவமும் உண்டு.

மணலில் ஆக்சிஜனோடு கூடிக் கிடக்கும் சிலிக்கனைப் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ். 1824இல் அவர் பெற்றது பழுப்பு நிறத் தூள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1854இல் பிரெஞ்சு அறிஞர் டெவில் பெற்றதோ பளபளக்கும் படிகம். தோற்றம் வேறு, தனிமம் ஒன்றே. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்து, அவ்வொழுங்கு நெடுகத் தொடர்கிறது. தூளிலோ சில அணுக்களைக் கடந்ததும் ஒழுங்கு சிதைகிறது. ஆதலின் படிகத்தில் விரைந்தோடும் எலக்ட்ரான்கள் ஒழுங்கற்ற சிலிக்கனில் பன்னூறு மடங்கு தளர்ந்தே செல்கின்றன. எனினும் இதுவும் பயனற்றதன்று. மெல்லிய படலமே ஒளியை நன்கு ஈர்க்குமாதலால், 1980களில் பரவிய சிறு கணக்குப் பொறிகளின் சூரிய மின்கலங்களில் இது இடம்பெற்றது.

ஒரு தனிமம் பல வடிவம் கொள்ளும் இப்பண்புக்குப் பெயரிட்டவரும் பெர்சீலியஸே. 1840களின் தொடக்கத்தில், ‘பிற’ என்றும் ‘திரும்பும் முறை’ என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதனை ஆக்கினார். இலங்கைத் தமிழ் நூல்கள் இதனைப் ‘பிறதிருப்பம்’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘புறவேற்றுமை வடிவம்’ என்கின்றன.

இங்கே ஆசிரியர்கள் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ‘புறம்’ என்றதும் மாணவன் உடை மாற்றியது போன்ற வேறுபாட்டையே கருதுவான். பாஸ்பரஸை நோக்குக. வெள்ளைப் பாஸ்பரஸ், தீப்பெட்டித் தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தது. இந்தியாவில் அத்தகைய தீக்குச்சிகளை 1913ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவப்புப் பாஸ்பரஸோ அத்தீங்கு செய்யாமல் பெட்டியின் உரசுபட்டையில் அமர்ந்தது. அணு ஒன்றே, அடுக்கு மாறியதால் உயிர்கள் பிழைத்தன. இதனைப் புறத்து வேற்றுமை என்று மட்டும் சொல்லிவிடலாகுமா?

வழக்கில் ஊன்றிய சொல்லை அகற்றுக என்பது நம் கருத்தன்று. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதனருகே அணுக்களின் அடுக்கையும் வரைந்து காட்டுக. புறத்தே தெரியும் வேற்றுமைக்கு அகத்தே காரணம் உண்டென்று மாணவன் அப்பொழுதே உணர்வான்.