நோவா போர்ட்டரும் வெப்ஸ்டர் அகராதியின் சொற்பிறப்பியலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க உயர்கல்வித் தலைவர்களுள் நூலாசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் விளங்கியவர் நோவா போர்ட்டர் (1811–1892). சமயப் போதகராகப் பணி தொடங்கிய அவர், 1846இல் யேல் கல்லூரியில் அறவியல், மெய்ப்பொருளியல் பேராசிரியரானார். 1871 முதல் 1886 வரை அதன் தலைவராக இருந்தார். மனித அறிவின் இயல்பை ஆராயும் அவருடைய பாடநூல் 1868இல் வெளிவந்தது. அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிய 1870ஆம் ஆண்டு நூல், செம்மொழிக் கல்வியின் முதன்மையை வலியுறுத்தியது. எனினும், மொழியியலார் பெரிதும் கருதத்தக்கது, அவர் பதிப்பித்த 1864ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியே ஆகும்.

நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்டது. பொருள் விளக்கத்தில் அது சிறந்து விளங்கியது, சொற்பிறப்பில் தடுமாறியது. பாபேல் கோபுர நிகழ்ச்சிக்கு முன் மனித இனம் முழுவதும் ஒரே மொழி பேசியது என்னும் விவிலியச் செய்தியை வெப்ஸ்டர் வரலாற்று உண்மையாகக் கொண்டார். அம்மொழியைக் கல்தேயம் எனக் கருதினார். மெய்யொலிகள் ஒத்திருப்பின் சொற்கள் உறவுடையன என்பது அவர் முறை. பாப், கிரிம் ஆகியோர் நிறுவிய ஒலித்தொடர்புகளின் ஒழுங்கு அதில் இடம்பெறவில்லை. இலத்தீனின் முதல்நிலைப் பகரம் ஆங்கிலத்தில் ஃபகரமாக வருவது போன்ற முறையான மாற்றங்களே உறவுக்குச் சான்றாகும். தோற்ற ஒப்புமை சான்றாகாது.

1843இல் வெப்ஸ்டர் மறைந்தபின் அகராதியின் உரிமையை மெரியம் நிறுவனத்தார் பெற்றனர். போர்ட்டரின் தலைமையில் உருவான 1864ஆம் ஆண்டுப் பதிப்பில் சொற்பிறப்புப் பகுதியை பெர்லின் அறிஞர் மான் புதிதாக எழுதினார். பொருள் விளக்கத் திருத்தத்தில் சமஸ்கிருதப் பேராசிரியர் விட்னியும் கில்மனும் பங்கேற்றனர். சொல்தொகை சுமார் 1,14,000 ஆயிற்று. வெப்ஸ்டரின் பெயர் நிலைத்தது. அவருடைய சொற்பிறப்புக் கோட்பாடு நீங்கியது.

இங்கு ஒரு முரண் காணப்படுகிறது. 1879–80இல் ஸ்பென்சரின் சமூகவியல் நூலைப் பாடமாக வைத்த சம்னரை எதிர்த்தவர் போர்ட்டர். சமய நம்பிக்கைக்கு ஊறு நேரும் என அவர் அஞ்சினார். அத்தகையவரே விவிலிய அடிப்படையில் அமைந்த சொற்பிறப்பியல் நீங்கிய பதிப்புக்குத் தலைமை தாங்கினார். வகுப்பறையில் எந்நூலைப் பயில்வது என்பதில் சமயக் கருத்துக்கு இடமளித்த அவர், ஒரு சொல்லின் வரலாற்றைத் துறை அறிஞரின் சான்றுக்கு விட்டார் எனலாம்.

1890இல் வெளிவந்த ‘வெப்ஸ்டர் சர்வதேச அகராதி’க்கும் போர்ட்டரே தலைமைப் பதிப்பாசிரியர். முன்னோர் அகராதியைப் போற்றுவது வேறு, அதன் பிழையைக் காப்பது வேறு என்பதை இவ்விரு பதிப்புகளும் உணர்த்துகின்றன. சொற்பிறப்பைச் சான்றாகக் கொண்டு பொருள் துணியும் மொழிபெயர்ப்பாளர், அகராதியின் பெயரை மட்டுமன்றி அதன் பதிப்பாண்டையும் நோக்குதல் இன்றியமையாதது.