மணியாச்சியும் முதல் பத்து நிமிடமும்

கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் விடியுமுன் தலையாரி வந்து கதவைத் தட்டினார். குளத்தங்கரையில் ஒரு ஆள் செத்துக் கிடக்கிறான் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் இன்னும் வரவில்லை. ஊர் மட்டும் முழுசாக வந்திருந்தது. யாரோ நல்ல மனதோடு ஒரு வேட்டியை எடுத்துப் போர்த்தியிருந்தார். இன்னொருவர் கை கால்களை நேராக்கி வைத்திருந்தார். ஈர மண்ணில் இருந்திருக்க வேண்டிய காலடிகள் எல்லாம் எங்கள் காலடிகளாகிப் போயின. பிறகு வந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், நீங்க வரும்போது இப்படியேதான் கிடந்ததா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பார்வை மகஜரில் கையெழுத்துப் போட்டேன். அந்த வழக்கு கடைசிவரை நிற்கவில்லை.

அன்று முதல், பழைய கொலை வழக்குகளைப் படித்தால் முதலில் போனவர் என்ன செய்தார் என்றுதான் தேடுவேன். நம் பக்கத்துச் செங்கோட்டைக்காரர் ஒருவரால் உலகமே அறிந்த வழக்கு ஒன்று உண்டு. அதை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

1911 ஜூன் 17. குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனி மாதம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அவர்களுடைய முதல் வகுப்புப் பெட்டி காத்து நின்றது. காலை பத்தரை மணி தாண்டி, குடுமி வைத்த ஒரு வாலிபர் பெட்டியில் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். காற்று பலமாக வீசியதால் வெடிச்சத்தம் பலர் காதில் சரியாக விழவில்லை. சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடிக் கழிவறைக்குள் புகுந்தார். சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது தன்னைத்தானே வாயில் சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தார். அவர்தான் வாஞ்சிநாதன். நமக்கு அவர் தியாகி. ஆனால் அன்று அங்கே போன போலீசுக்கு அது இரண்டு உடல்களும் ஒரு துப்பாக்கியும் கொண்ட கொலைக்களம்.

அந்தக் களம் ஒரே இடத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஷுக்கு அப்போது உயிர் இருந்தது. அவரைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள், வழியிலேயே உயிர் பிரிந்தது. சுடப்பட்டவர் ஒரு பக்கம் போக, சுட்டவரின் உடல் மணியாச்சிக் கழிவறையில் கிடந்தது. இதில் பிழை சொல்ல முடியாது. உயிர் இருக்கும்வரை உயிர்தான் முதலில், தடயம் பிறகுதான். அன்றும் இன்றும் முதலில் போகும் போலீஸ்காரருக்கு அதுவே முதல் விதி.

மூன்றாவது இடம் பிளாட்பாரம். வாஞ்சியோடு இன்னொரு இளைஞரும் வந்திருந்தார். கூட்டமும் குழப்பமுமாக இருந்த அந்த நிமிடங்களில் அவர் நழுவிப் போய்விட்டார். அவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மாடசாமி கடைசிவரை போலீஸ் கையில் அகப்படவேயில்லை. வெளியேறும் வழிகளை அடைப்பதும், அங்கே இருப்பவர்களின் பெயரை எழுதி நிறுத்தி வைப்பதும் ஏன் அத்தனை அவசரம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

ஆனால் கழிவறையில் கிடந்த உடலின் பையிலிருந்த கடிதம் பத்திரமாகக் கிடைத்தது. அதில் பெயரும் செங்கோட்டை என்ற ஊரும் இருந்தன. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்மோடு சேர்ந்தது. ஆக, விசாரணை எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு காகிதத்தில் பிடித்த நூல் நீலகண்ட பிரம்மச்சாரி வரை போயிற்று. பதினான்கு பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் பிடிபடுமுன் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்து 1912-இல் தீர்ப்புச் சொன்னார்கள். நீலகண்டருக்கு ஏழு ஆண்டு. வாஞ்சியின் உறவினர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு.

அந்தக் காலத்தில் போலீசுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கலாம். ஆஸ்திரியாவில் ஹான்ஸ் கிராஸ் என்ற மாஜிஸ்திரேட் 1893-இல் குற்றப் புலனாய்வு பற்றி ஒரு பெரிய கைநூல் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு முதலில் அச்சானது லண்டனில் அல்ல, நம் சென்னையில், 1906-இல். சென்னையில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜான் ஆடமும் ஜே. கோலியர் ஆடமும் நம் நாட்டு நடைமுறைக்கு ஏற்ப அதைத் தந்தார்கள். அதன் சாரம் எளிது: எதையும் தொடுமுன், நகர்த்துமுன், இருந்தது இருந்தபடி எழுது. மணியாச்சிச் சம்பவத்துக்கு ஓராண்டு முன்பு, 1910-இல், பிரான்சின் லியோன் நகரில் எட்மண்ட் லொகார்டு தடயவியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். ஒரு இடத்துக்குப் போகிறவன் எதையாவது விட்டுவிட்டும் எதையாவது எடுத்துக்கொண்டும்தான் போவான் என்பது அவர் கொள்கை. அது குற்றவாளிக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கப் போகும் நமக்கும் பொருந்தும்.

இன்று முதலில் போகும் போலீஸ்காரர் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் அதுவே. உயிர் இருக்கிறதா என்று பார்த்து 108-ஐ அழைப்பது. குற்றவாளி இன்னும் அங்கேயே இருக்கிறானா என்று பார்ப்பது. உடல் கிடக்கும் இடத்தை மட்டுமல்லாமல் வந்த வழி, போன வழியையும் சேர்த்துக் கயிறு கட்டுவது. தான் போக வர ஒரே பாதையை வைத்துக்கொள்வது. வந்த நேரம், கதவு திறந்திருந்ததா, விளக்கு எரிந்ததா, உள்ளே யார் யார் போனார்கள் என்று குறிப்பது. சாட்சிகளைத் தனித்தனியாக நிறுத்துவது, சேர்த்து விட்டால் எல்லார் கதையும் ஒரே கதையாகிவிடும். பிறகு மேலதிகாரி, கைரேகை நிபுணர், மோப்ப நாய், பிரேத விசாரணை, பிரேதப் பரிசோதனை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் தந்திருக்கிறது.

ஆனால் எந்த நிபுணர் வந்தாலும், அவருக்கு முன்னால் நாம் போயிருப்போம். நம் ஊர்களில் செத்தவருக்குச் செய்யும் மரியாதைதான் தடயத்துக்குப் பகையாக வந்து நிற்கிறது. கண்ணை மூடுவோம், தாடையைக் கட்டுவோம், ரத்தத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம், முற்றத்தைச் சாணம் தெளித்துப் பெருக்குவோம். தூக்கில் தொங்குபவரைப் பார்த்தால் முடிச்சை அவிழ்ப்போம். உயிர் இருக்கலாம் என்றால் உடனே அறுத்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் முடிச்சை விட்டுவிட்டு வேறு இடத்தில் அறுக்க வேண்டும். தற்கொலையா கொலையா என்று அந்த முடிச்சும் சொல்லக்கூடும். இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது செல்போன். படம் எடுக்க நெருங்கி நெருங்கிப் போகிறார்கள்.

வாஞ்சி மணியாச்சி என்று பெயர் தாங்கிய அந்த நிலையத்தை ரயிலில் கடக்கும்போதெல்லாம், அந்தக் கடிதத்தை யாராவது ஒருவர் பதற்றத்தில் எடுத்து மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பேன். கூடவே அந்தக் குளத்தங்கரையும் நினைவுக்கு வரும். வேட்டி போர்த்தியவர் நல்லவர்தான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தடி தள்ளி நில்லுங்கள் என்று நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.