பதுளையின் யானைக் கணக்கு

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் ஒரு தனி மனிதரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் மேஜர் தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை ரைபிள் படையணியின் அதிகாரி, பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி. எல்லாத் தரப்பு நண்பர்களும் சேர்ந்து இந்த ஆலயத்தை எழுப்பினார்கள் என்று அங்குள்ள நினைவுக் கல் கூறுகிறது. கல்லில் இல்லாத கணக்கு ஒன்றும் உண்டு: ரொஜர்ஸ் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல்.

இது வாய்வழி வந்த கதை மட்டுமல்ல. முன்பு இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இந்த எண்ணைப் பதிந்திருக்கிறார். கப்டன் கால்வே அதில் பாதிக்கு மேல், வீதி ஆணையாளர் மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அவ்வளவு என்று அவருடைய பட்டியல் நீள்கிறது. மூவரும் அரசாங்க உத்தியோகத்தர்கள்.

ரொஜர்ஸ் உயிரோடிருந்தபோதே அவரைப் பார்க்க ஒரு ஜெர்மன் மருத்துவர் பதுளைக்கு வந்தார். பிரஷ்ய இளவரசர் வால்டமாருடன் பயணம் செய்த வெர்னர் ஹோஃப்மெய்ஸ்டர் அவர். மேஜரின் வீட்டில் அவர் கண்ட காட்சி இது: விறாந்தையின் ஒவ்வொரு வாசலிலும் பெரும் தந்தங்கள், சாப்பாட்டு அறையின் மூலைகளிலும் தந்தங்கள். அதுவரை வீழ்ந்தவற்றில் கொம்பன்கள் மட்டும் அறுபதுக்கு மேல் என்று அவர் எழுதினார்.

அந்த அறுபது பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. ஆயிரத்துக்கும் மேல் யானைகளைக் கொன்றவருக்குக் கிடைத்த கொம்பன்கள் அவ்வளவுதான். இந்தியக் காடுகளில் ஆண் யானைகள் பலவற்றுக்குத் தந்தம் இருக்கும். இலங்கையிலோ நூறு ஆண் யானைகளில் பத்துக்குக் கூட இராது. மற்றவை அலியன்கள். அப்படியானால் இந்த வேட்டையைத் தந்த ஆசையால் மட்டும் விளக்க முடியாது. யானை அன்று வேட்டைக்காரருக்கு வீரம் காட்டும் பொருள். அரசாங்கத்துக்குப் பயிரழிக்கும் விலங்கு. தலைக்குச் சில ஷில்லிங் சன்மானம் உண்டு. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது.

அதே காலத்தில்தான் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பரவின. துரைமார் காணி வாங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாருடன் கால்நடையாய் வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டித் தீ வைத்தார்கள். துப்பாக்கிக்குத் தப்பிய யானைக்கும் ஒதுங்க நிழல் இல்லாமல் போயிற்று. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஹோர்ட்டன் சமவெளியில் யானை வேட்டையாடியவர். இன்று அங்கே மரையும் சிறுத்தையும் உண்டு, யானை இல்லை.

ரொஜர்ஸுக்கும் ஒரு முறை யானையிடம் அடி கிடைத்தது. 1841இல் காயம்பட்ட யானை ஒன்று அவரைத் துதிக்கையால் தூக்கிப் பள்ளத்தில் எறிந்து மிதித்தது. கையும் விலா எலும்புகளும் முறிந்தன. தேறி எழுந்து மறுபடியும் காட்டுக்குப் போனார். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளை வாடிவீட்டில் மழை ஓய்ந்ததா என்று பார்க்க வெளியே வந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் அவர் கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். யானைகளின் பாவம் என்று அதை விளக்குபவர்கள் உண்டு.

ஆனால் பாவத்தை ஒருவர் தலையில் கட்டினால் வரலாறு மறைந்துவிடும். ரொஜர்ஸ் சட்டத்தை மீறவில்லை. அவரே சட்டமாக இருந்தார். யானையைத் தொல்லை என்று கணக்கெழுதி அழிக்கச் சொன்னது ஆட்சி. அதன் நிலத்தைத் தோட்டமாக்கிப் பணம் கண்டது கோப்பி.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் யானைகள் இன்று கீழ்நாட்டில், மொனராகலைப் பக்கமாக, கல்ஓயா, உடவளவை, யால காடுகளை அண்டி வாழ்கின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்டவை இறந்தன. துப்பாக்கிச் சூடு, மின்சார வேலி, பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி ஆகியவை இந்தச் சாவுகளின் முக்கிய காரணங்களில் அடங்கும். அதே ஆண்டில் யானை தாக்கி உயிரிழந்த மனிதர்களும் நூற்றுக்கு மேல். வயல் காக்கும் ஏழை விவசாயியை ரொஜர்ஸோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். யானை நடந்த வழிகளை மறித்துக் காணி கொடுப்பவர்களையே நாம் கேள்வி கேட்க வேண்டும். மலையை இழந்த யானைக்குக் கீழ்நாட்டுக் காடாவது மிஞ்சட்டும்.