ஊர் ஊராய்ச் செல்லும் கோப்பை



சாத்தாங்காட்டில் எங்கள் வீட்டில் குதிரைப் பந்தயம் என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த என் தந்தையார், பந்தயப் பருவம் வந்துவிட்டால் சம்பளப் பணத்தோடு கிண்டிக்குப் போவார், வெறுங்கையோடு திரும்புவார். பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்க 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டம் இயற்றிய செய்தி வந்ததும், என் தாயார் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றினார். ஆகவே இப்பொருளைப் பற்றி நான் ரசிகனாகப் பேசவில்லை.

இப்பந்தயங்களில் ஓடுபவை தரோபிரெட் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று ஆண் குதிரைகளே அவ்வினத்தின் மூதாதையர். அங்கே 1776இல் செயின்ட் லெஜர், 1780இல் டெர்பி எனப் பந்தயங்கள் தோன்றின. அப்பெயர்களை நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். 1943இல் பம்பாய் மகாலட்சுமி திடலில் நடந்த முதல் இந்திய டெர்பியில் பரோடா மன்னரின் குதிரை வென்றது. சென்னைப் பந்தயக் கழகமோ 1896லேயே நிறுவப்பட்டுவிட்டது.

ஆயினும் ஒவ்வொரு நகரமும் தன் குதிரையே சிறந்ததென்று சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வழக்கைத் தீர்க்கவே 1963இல் அழைப்புக் கோப்பை தொடங்கிற்று. பம்பாய், கல்கத்தா, சென்னை, பெங்களூர், ஐதராபாத் என முறைவைத்து, ஆண்டுக்கொரு நகரத்தில், நாட்டின் தேர்ந்த குதிரைகள் 2400 மீட்டர் ஓடும். குறுந்தூரத்திற்கும் நெடுந்தூரத்திற்கும் தனிக் கோப்பைகள் பின்னர்ச் சேர்ந்தன. எழுபதுகளில் ஸ்குவாண்டரர் என்றொரு குதிரை, ஓடிய 19 பந்தயங்களில் 18இல் வென்றது. அப்பெயருக்கு ஊதாரி என்று பொருள். என் தாயாரைக் கேட்டிருந்தால், அது குதிரைக்கு வைக்க வேண்டிய பெயரன்று என்றிருப்பார்.

அவர் ஏற்றிய விளக்கு பலிக்கவில்லை. வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. பந்தயமும் நடந்துகொண்டே இருந்தது. 1986இல் கழகத்தையே அரசுடைமையாக்க மற்றொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரையின் வமிசம், பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவையே வெற்றியை முடிவு செய்கின்றன, ஆதலால் இது திறமை விளையாட்டு, சூதாட்டமன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென்றாயிற்று. பிறகு 2024 செப்டம்பரில், வாடகைப் பாக்கியைக் காரணம் காட்டி, சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. செய்தியைப் படித்தபோது நான் மகிழ்வேன் என்றே நினைத்தேன். லாயத்துச் சைஸ்களின் குடும்பங்களே நினைவில் வந்தன.

தந்தையார் காலமான பின் அவருடைய பெட்டியில் பழைய பந்தயப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு அருகிலும் அதன் தந்தை, சுமக்கும் எடை, ஜாக்கியின் முந்தைய வெற்றிகள் யாவும் பென்சிலால், முத்து முத்தான எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. நீதிபதிகள் திறமை என்று சொன்னவை எல்லாம் அங்கே இருந்தன. கடைசிப் பக்கத்தில் அந்த மாதத்து மளிகைக் கடன் எழுதப்பட்டிருந்தது. அதன் எழுத்து என் தாயாருடையது.