பெயரும் ஊரும்

எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் முதலில் கேட்பது கதையை அல்ல, சுயவிவரத்தையும் புகைப்படத்தையுந்தான். சமீபத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்காக என்னிடமும் கேட்டார்கள். கதையை நான்கு நாட்களில் முடித்துவிட்டேன். சுயவிவரத்துக்குப் பதினைந்து நாள் பிடித்தது. அடக்கமாக எழுதினால் ஒன்றுமில்லாதவன் போல இருந்தது. உள்ளதை எழுதினாலோ தம்பட்டம் போல இருந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தேன். அதில் இருந்தவர் என்னைவிட நன்றாகக் கதை எழுதக்கூடியவராகத் தோன்றினார். அனுப்ப மனம் வரவில்லை.

இந்தச் சங்கடம் புதிதல்ல. பதிமூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இதற்கு விதியே வகுத்திருக்கிறார். நூலாசிரியன் பெயர் முதலிய விவரங்களைச் சொல்லுவது சிறப்புப் பாயிரம். அதை ஆசிரியனே எழுதிக்கொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். எத்தனை பெரிய நூலைச் செய்தவனானாலும் தன்னைத் தானே புகழக்கூடாது. இப்படிக் கதவைச் சாத்திவிட்டு, நான்கு சந்தர்ப்பங்களுக்கு மட்டும் திறந்தும் விடுகிறார். அரசனுக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றல் அறியாதவர்களிடையேயும், சபையில் வாதம் வெல்லும்போதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இரண்டாவது விலக்கு எங்களுக்குப் போதும். எங்கள் ஆற்றலை அறியாதவர்களுக்கா இந்த உலகத்தில் பஞ்சம்!

ஆனால் சுயவிவரம் என்றாலே எனக்கு நினைவு வருவது எங்கள் பக்கத்துத் திருச்சுழிக்காரர் ஒருவரின் கதை. குண்டாற்றங்கரையில், பூமிநாதர் கோயில் இருக்கும் ஊர் அது. அங்கே வக்கீலாக இருந்த சுந்தரமையர் தொடக்கத்தில் கணக்கப்பிள்ளையிடம் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர். பிறகு மனு எழுதிப் பிழைத்தவர். மனு என்பது என்ன? இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர் என்று பிறருடைய விவரத்தை எழுதித் தருகிற தொழில்தானே! அவருடைய இரண்டாவது மகன் வேங்கடராமன் 1879 டிசம்பர் 30-ந் தேதி பிறந்தான். தந்தை 1892-ல் காலமானார். பிள்ளைகள் மதுரைக்குச் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார்கள்.

1896 ஆகஸ்டு 29-ந் தேதி அந்தப் பையன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். அண்ணனின் காலேஜுச் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டுடன் ஒரு சீட்டு எழுதி வைத்தான். முதல் வாக்கியத்தில் "நான்" இருக்கிறது. அடுத்ததில் அது "இது" ஆகிவிடுகிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

திருவண்ணாமலையில் அவர் வாய் திறக்கவில்லை. யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. தாலுகா கச்சேரித் தலைமைக் கணக்கர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. பெயரும் ஊரும் தெரிந்தாலொழிய இவ்விடம் விட்டு நகரமாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இளைஞர் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை எழுதினார்: வேங்கடராமன், திருச்சுழி. இந்தப் பரதேசிக்கு இங்கிலீஷா என்று எல்லோருக்கும் ஆச்சரியம். கணக்கருக்கோ அந்த ஊர்ப் பெயரில் 'ழி' பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த பெரிய புராணத்தைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலங்களில் திருச்சுழி வரும் இடத்தை அவர் தொட்டுக் காட்டினார். ஒரு சுயவிவரத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சியை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த இரண்டு வார்த்தைகள் சும்மா கிடக்கவில்லை. அவருக்குத் தொண்டு செய்த தம்பிரான் ஒருவர் மதுரையில் ஒரு மடத்தில் பேசும்போது திருச்சுழிப் பிள்ளை என்று சொல்ல, கேட்டிருந்த ஒருவர் மூலம் செய்தி வீடு வந்து சேர்ந்தது. 1898-ல் மானாமதுரைச் சிற்றப்பா நெல்லையப்பையர் ஓடினார். தோப்புக்குள் விடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் தம் பெயரெழுதி உள்ளே அனுப்பினார். காகிதத்தின் மறுபக்கத்தில் ரிஜிஸ்டர் கச்சேரி விஷயம் ஏதோ அண்ணன் நாகசாமியின் கையெழுத்தில் இருந்தது. அண்ணன் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டான் என்று அதைப் பார்த்தே தம்பி தெரிந்துகொண்டார். அந்த வருஷக் கடைசியில் தாயார் அழகம்மாளே வந்தார். நாள்தோறும் வந்து அழுதார். மகன் பேசவில்லை; வினையின்படியே நடக்கும் என்னும் கருத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அதிலும் "நான்" இல்லை. தாயார் ஊர் திரும்பினார்.

தன்னை மறைத்துக்கொள்ள வந்தவர் எதற்காக அந்த இரண்டு வார்த்தைகளை எழுதினார்? ஒரு மனிதர் பட்டினி கிடக்கிறாரே என்றுதான். சுயவிவரம் எழுதுகிற எங்களில் எத்தனை பேர் அடுத்தவன் பசிக்காக எழுதுகிறோம்?

பிற்காலத்தில் ரமணருடைய படங்களுக்குக் கணக்கில்லை. 1946-ல் வெல்லிங் எடுத்த படம் இல்லாத புத்தகக் கடை திருவண்ணாமலையில் இராது. காமிராக்காரர்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். நிற்கச் சொன்னால் நின்றார். முகத்தைக் கொடுப்பதில் அவருக்குத் தடையே இருந்ததில்லை. பெயரைத்தான் கொடுக்கவில்லை. 1938-ல் ஆசிரமத்துக்காக உயில் பதிவானபோதும், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

என் விஷயம் நேர்மாறு. பெயரும் ஊரும் எழுதி அனுப்பிவிட்டேன். படத்துக்கு மறுபடியும் அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை அந்த ஸ்டூடியோக்காரர் என் மீசையைத் தொடாமல் இருக்க வேண்டும்.