செட்டிநாட்டு வீடுகளின் புதுப்பிப்பும் மறுபயன்பாடும்

செட்டிநாட்டு வீடுகளின் புதுப்பிப்பும் மறுபயன்பாடும் என்பது தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில், நகரத்தார் சமூகத்தினர் கட்டிய பழைய பெருவீடுகளை விலைக்கு வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ பழுதுபார்த்து, தங்கும் விடுதி, அருங்காட்சியகம், விழா மண்டபம் முதலிய வருவாய் தரும் பயன்பாடுகளுக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும். பழைய வீட்டை வாங்கிச் செப்பனிடுதல் உலகின் பல நகரங்களில் ஒரு முதலீட்டு முறையாக உள்ளது. செட்டிநாட்டில் இம்முறைக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. ஒன்று, ஒரு வீட்டுக்குப் பல உரிமையாளர்கள் இருப்பது. மற்றொன்று, முழு வீட்டைவிட அதைப் பிரித்து விற்கும் பொருள்களுக்கு எளிதில் விலை கிடைப்பது. இவ்விரண்டுமே ஒரு வீடு நிலைக்குமா, இடிக்கப்படுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

வரலாறு

பெரும்பாலான வீடுகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டவை. நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா, பிரெஞ்சு இந்தோசீனா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் செய்து ஈட்டிய பொருளே இவ்வீடுகளின் மூலதனமாகும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஐரோப்பாவிலும் சப்பானிலும் செய்யப்பட்ட ஓடுகள் ஆகியன கப்பல் வழியாகக் கொண்டுவரப்பட்டன. கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாட்டு அரண்மனை 1912 இலும், காரைக்குடியில் உள்ள ஆயிரம் சன்னல் வீடு 1941 இலும் கட்டி முடிக்கப்பட்டன.

1930களின் பொருளாதாரப் பெருமந்தம், 1937 இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டமை, 1942 இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியமை, விடுதலைக்குப் பின் அந்நாட்டில் நிலங்களும் வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டமை ஆகியவற்றால் இவ்வருவாய் நின்றது. குடும்பங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தன. வீடுகள் பூட்டப்பட்டன.

வீட்டின் அமைப்பு

ஒரு வீடு பொதுவாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களை எனப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் அமையும். வளவு என்பது திறந்த முற்றமும் அதைச் சுற்றியுள்ள தாழ்வாரமும் ஆகும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள் உள்ளன. திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்பட்டு, அதற்கு ஓர் அறை ஒதுக்கப்படும். அவ்வறையில் சீர்ப்பொருள்களும் பாத்திரங்களும் வைக்கப்படும். முற்றமும் பட்டாலையும் அனைவருக்கும் பொதுவானவை.

சொத்துரிமைச் சிக்கல்

இந்த அறைப் பங்கீடே பிற்காலச் சிக்கலின் மூலமாகும். நான்கு மகன்களுக்குக் கட்டிய வீடு மூன்று தலைமுறைகளில் பல பத்து பங்காளிகளுக்கு உரியதாகிவிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை வழங்கின. எனவே விற்பனைக்கு ஒப்பமிட வேண்டியோர் எண்ணிக்கை மேலும் கூடியது. அவர்களுள் சிலர் வெளிநாட்டில் இருப்பர்.

ஒரு பங்காளியின் பங்கை மட்டும் வெளியார் வாங்குவது சட்டப்படி இயலும். ஆனால் அதனால் வீடு கைக்கு வருவதில்லை. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்குக் கூட்டு அனுபவ உரிமையை அளிப்பதில்லை. அவர் பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுத்தால், 1893 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, பங்குதாரரான குடும்ப உறுப்பினர் ஒருவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வரலாம். பரம்பரை வீட்டில் அந்நியர் புகுவதைத் தடுப்பதே இவ்விரு பிரிவுகளின் நோக்கம் ஆகும்.

ஆகவே வாங்குபவர் எல்லாப் பங்காளிகளிடமும் கிரயம் பெற வேண்டும். அல்லது ஒருவர் பெயருக்கு மற்றவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தபின் அவரிடம் வாங்க வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஒப்புநோக்குவது இன்றியமையாதது. வில்லங்கச் சான்றிதழ் பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத குடும்ப ஏற்பாடுகளும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் இடம்பெறா.

உரிமையாளர்கள் பலராக இருப்பதால் பழுதுபார்ப்புச் செலவை ஏற்பதிலும் கருத்து வேறுபாடு எழுகிறது. அதேவேளை, திருமணம், சாந்தி, படைப்பு போன்ற சடங்குகளைச் சொந்த ஊர் வீட்டிலேயே நடத்தும் வழக்கம் தொடர்வதால், பூட்டிய வீட்டையும் விற்க மனமில்லாத குடும்பங்கள் உள்ளன.

பிரித்து விற்றல்

பங்காளிகள் அனைவரும் உடன்படும்போது பல வீடுகள் இடிக்கப்பட்டன. தேக்குத் தூண்கள், செதுக்கு வேலைப்பாடுடைய நிலைக்கதவுகள், கருங்கல் தூண்கள், கண்ணாடிகள், பித்தளைப் பாத்திரங்கள் ஆகியன தனித்தனியே விற்கப்பட்டு, பணம் பங்கிடப்பட்டது. வீட்டைப் பங்கிட இயலாதபோதும் பணத்தை எளிதில் பங்கிட இயலும் என்பதே இதற்குக் காரணம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு இத்தகைய பொருள்கள் வந்துசேர்கின்றன. இங்கிருந்து சென்ற தூண்களும் கதவுகளும் பிற நகரங்களின் புதிய வீடுகளிலும் விடுதிகளிலும் பொருத்தப்படுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, கட்டடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பொருள்கள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அத்தகையவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்வது குற்றமாகும்.

புதுப்பிக்கும் முறை

 * கூரை: சேதம் பெரும்பாலும் கூரையில் தொடங்குகிறது. ஓடு விலகினால் மழைநீர் இறங்கி, தேக்கு உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகின்றன. எனவே ஓடு மாற்றலும், முற்றத்தின் நீர்த்தாரைகளையும் வடிகால்களையும் சீராக்கலும் முதலில் செய்யப்படுகின்றன.
 * சுவர்: சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. மேற்பூச்சில் நன்கு அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சேர்க்கப்பட்டது. இதன்மேல் சிமெண்டு பூசினால் சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்புப்பூத்து உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டமையால் கூலியும் காலமும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.
 * தளம்: உடைந்த தளக்கற்களுக்கு ஈடாக ஆத்தங்குடிக் கற்கள் பதிக்கப்படுகின்றன. இவை கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை அச்சில் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் கையால் செய்யப்படுபவை, சூளையில் சுடப்படுவதில்லை.
 * குளியலறை: பழைய அறைகள் சிறியவை; இணைந்த குளியலறை அற்றவை. விடுதியாக்கும்போது இரண்டு அறைகளை ஒன்றாக்குவது ஒரு வழி. இதனால் வாடகைக்குக் கிடைக்கும் அறைகளின் எண்ணிக்கை வீட்டின் பரப்பளவை நோக்கக் குறைவாகவே இருக்கும்.

வருவாய் முதன்மையாகச் சுற்றுலாவைச் சார்ந்துள்ளது. வெயில் குறைந்த மாதங்களிலேயே பயணிகள் மிகுதியாக வருகின்றனர். ஆனால் கூரைக்கும் மரவேலைக்கும் பராமரிப்பு ஆண்டு முழுவதும் தேவை. விரைவில் வாங்கி விற்று ஆதாயம் பெறும் முறை இங்குப் பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எடுத்துக்காட்டுகள்

காரைக்குடியில் 'பங்களா' 1999 இல் விடுதியாகத் தொடங்கப்பட்டது. இது குடும்பத்தாரே தம் சொத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததற்கு எடுத்துக்காட்டு. கானாடுகாத்தானில் 1930களில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' என்னும் வீடு, சி.ஜி.எச். எர்த் என்ற கேரள விடுதி நிறுவனத்தால் நடத்தப்படுகிறது. கோத்தமங்கலத்தில் உள்ள 'சாரதா விலாஸ்' இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களால் புதுப்பிக்கப்பட்டது. கடியாபட்டியில் உள்ள 'சிதம்பர விலாஸ்' மற்றொரு மரபு விடுதியாகும்.

பிற இடங்களுடன் ஒப்பீடு

புதுச்சேரியில் வைசியாள் வீதியின் பழைய வீடுகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் இன்டாக் அமைப்பால் செப்பனிடப்பட்டன. இப்பணிக்கு 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இங்குத் தெருமுகப்பு முழுவதும் ஒரே அலகாகக் கருதப்பட்டது. இலங்கையின் காலிக் கோட்டை 1988 இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அங்கு 2000களில் வெளிநாட்டினர் பலர் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்தனர். கட்டடங்கள் சீராயின, ஆனால் விலை உயர்ந்து, பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். செட்டிநாட்டில் குடியிருப்போர் முன்பே சென்றுவிட்டமையால் இவ்வகை இடப்பெயர்வு பெரிய அளவில் எழவில்லை.

பாதுகாப்பு நிலை

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2012 இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தற்காலிகப் பட்டியலில் இடம்பெறுவது ஒரு தனியார் வீட்டை இடிப்பதைத் தானாகத் தடுப்பதில்லை. விடுதியாக மாறியவை மொத்த வீடுகளில் மிகச் சிறு பகுதியே. ஏனையவற்றின் நிலை, பங்காளிகள் ஒன்றுகூடி எடுக்கும் முடிவையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

 * செட்டிநாடு
 * நகரத்தார்
 * ஆத்தங்குடிக் கற்கள்
 * பாகப்பிரிவினை
 * காலிக் கோட்டை