திருத்தணியும் ஃபின்மார்க்கும்: மொழியைக் கற்கச் சொல்லும் உரிமை யாருக்கு?

1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியில் யாரும் வீடு மாறவில்லை. யாரும் மூட்டை கட்டவில்லை, ரயில் ஏறவில்லை. முந்தைய நாள் வரை ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கு பேசிவந்தவர்கள் இருந்த இடத்திலேயே இன்னொரு மொழியின் ஆட்சிக்குள் வந்துவிட்டார்கள். ஆறரை ஆண்டுகளுக்கு முன்பு, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, இதே ஊர்த் தமிழர்களுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்திருந்தது.

அங்கிருந்து வெகுதூரம் வடக்கே, நார்வே நாட்டின் உச்சந்தலையில் ஃபின்மார்க் என்றொரு மாவட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழாத கடற்கரை. 1980களில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மீன் ஆலைகளில் கத்தி பிடித்து மீனைத் துண்டாக்கும் வேலை கிடைத்தது. அவர்களுக்கு முன்னால் இருந்தது அவர்கள் காதே கேட்டிராத மொழி.

குடியேறி வந்தவர் வந்த இடத்து மொழியைக் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இந்தக் கேள்விக்கு இவ்விரு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நியாயம் என்பதே என் விடை. ஆனால் அப்படிக் கேட்கிறவர் தலையில் ஒரு கடன் ஏறுகிறது. கற்பிக்க ஆளும் நேரமும் பணமும் தராத அரசு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியை இழக்கிறது. இன்னொன்றும் உண்டு. வந்து சேர்ந்தவரிடம் கேட்பதும், எல்லைக்கோடு நகர்ந்ததால் உள்ளே அகப்பட்டவரிடம் கேட்பதும் ஒன்றல்ல.

முதலில் திருத்தணி. வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவானது 1911இல். கார்வேட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த இந்தப் பகுதி அதில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் இங்கே ஒரே தெருவில், பல நேரம் ஒரே வீட்டில் புழங்கின. 1888இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் குடும்பப் பெயரே நெல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். அவர் முன்னோர் என்றோ தெற்கே வந்தவர்கள். திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று படித்த அவரை எந்த மாநிலத்தவர் என்று சொல்வது? அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. எல்லாமே சென்னை மாகாணம்.

தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்டபின் கேள்வி எழுந்தது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைக்காகப் போராடியது. திருத்தணியில் வழக்கறிஞர் கே. விநாயகம் அதற்குத் தோள் கொடுத்தார். எல்லோருக்கும் முன்பாகவே மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் எல்லையோர ஊர்களில் தமிழ் வகுப்புகள் நடத்திவந்தார். கூட்டமும் மறியலும் பின்னால் வந்தவை. அவர் முதலில் கையில் எடுத்தது அரிச்சுவடி. இந்தப் போராட்ட வரலாற்றில் என் மனம் அதிகம் நிற்பது அவரிடம்தான். மொழியின் பேரில் உரிமை கேட்டவர், அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கும் உழைப்பையும் தானே சுமந்தார்.

மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்தார். அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, ஊர் எதோடு ஒட்டி இருக்கிறது என்று பார்த்தார். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பக்கமும் இங்கே வந்தன. சத்தியவேடு பக்கம் அங்கே போனது. நகரி, புத்தூர், சித்தூரில் தமிழ் பேசுவோர் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டார்கள். எவ்வளவு கவனமாகக் கோடு கிழித்தாலும் இரு பக்கமும் சிலர் மிஞ்சத்தான் செய்வார்கள். பேச்சுமொழி கிராம எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

ஃபின்மார்க்குக்கு வந்தவர்களின் கதை வேறு. நார்வேயில் தமிழர் தடம் 1956இல் அங்கே போய்ச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரத்தோடு தொடங்குகிறது. மீன்பிடித் தொழிலை அங்கே கற்றுக்கொண்டு, பின்னர் யாழ்ப்பாணம் குருநகரில் சீநோர் மீன்பிடித் திட்டத்தை அமைத்தவர் அவர். அடுத்து, அங்குள்ள மக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் படிக்க இளைஞர்கள் போனார்கள். தங்கும் இடமும் சாப்பாடும் மொழியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த பள்ளிகள் அவை. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, படிக்கப் போவது உயிர் பிழைக்கப் போவதாக மாறியது.

இவர்கள் விரும்பித்தானே போனார்கள், மொழியைக் கற்பதுதானே முறை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. குண்டுக்கு அஞ்சி ஓடியவன் விரும்பிப் போனான் என்பது கொடுமை. கற்க வேண்டியதன் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆலையில் சம்பளம் குறைந்தால் சங்கத்திடம் பேச வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த மொழி இல்லாமல் இவற்றையெல்லாம் இன்னொருவர் வாயால்தான் பேச முடியும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் பத்து வயதுப் பிள்ளையாக இருப்பார். தாயின் நோயை மருத்துவரிடம் பிள்ளை எடுத்துச் சொல்லும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

நார்வே அரசு இங்கே செய்ததை நான் மதிக்கிறேன். மூன்று ஆண்டு குடியிருந்த வெளிநாட்டவருக்கு 1983 முதலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. அதற்கு மொழித் தேர்வு கேட்கவில்லை. 2005 செப்டம்பரில்தான் நார்வேஜிய மொழிப் படிப்பு புதிதாக வருவோரில் பெரும்பகுதியினருக்கு உரிமையாகவும் கடமையாகவும் ஆனது. 300 மணி நேரம். 2012இல் அது 600 ஆயிற்று. அகதிகளுக்கு அது இலவசம். குடியுரிமைக்குப் பேச்சுத் திறன் தேர்வு 2017இல் வந்தது; 2022இல் அதன் தரத்தை உயர்த்தினார்கள். இந்தக் கடைசி உயர்வு எனக்கு உறுத்துகிறது. வயது ஏறியபின் வந்தவருக்கும் பள்ளிக்கூடமே பார்க்காதவருக்கும் அந்தப் படி உயரமானது. ஆனாலும் கேட்பதற்கு முன் கொடுத்த வரிசை சரியானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் அங்கே போன கம்சாயினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனார், 2021இல் நாடாளுமன்றம் சென்றார்.

இதே ஃபின்மார்க்கில் இதே அரசு நூறாண்டுக்கு முன் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகும். அந்த மண் கலைமான் மேய்க்கும் சாமி இனத்தாருடையது. அரசும் அதன் எல்லையும் அவர்கள் மேல் வந்து விழுந்தவை. 1898ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, தவிர்க்கவே முடியாத இடம் தவிரப் பள்ளியில் சாமி மொழி பேசக்கூடாது என்றது. 1902ஆம் ஆண்டு நிலச் சட்டம், நார்வேஜிய மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்து, அதை அன்றாடம் புழங்குகிறவருக்கே ஃபின்மார்க்கில் நிலம் விற்கலாம் என்றது. தன் சொந்த மேய்ச்சல் மண்ணில் நிலம் வாங்க ஒருவர் அடுத்தவர் மொழியில் தேற வேண்டியிருந்தது. விடுதிப் பள்ளிகளில் தாய்மொழியை இழந்த தலைமுறைகள் உருவாயின. 1990இல்தான் சாமி மொழிக்குச் சட்டக் காப்பு வந்தது. உண்மையறியும் ஆணையம் 2023இல் அறிக்கை தந்தது; 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது.

ஒரே அரசு, ஒரே மாவட்டம், ஒரே மொழி. தமிழரிடம் கேட்டது நியாயமாகவும் சாமி இனத்தாரிடம் கேட்டது அநீதியாகவும் தோன்றுவது ஏன்? தமிழர் வீட்டுத் தமிழை அரசு தொடவில்லை. அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூட வகுப்புகளில் பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். நார்வேஜிய மொழி அதன் மேல் கூடுதலாக ஏறியது. சாமிப் பிள்ளைக்கோ ஒன்றைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் கொடுத்தார்கள். போக வேறு ஊரில்லாத பிள்ளை அது.

திருத்தணித் தெலுங்குப் பிள்ளை இந்த இருவரில் யாருக்கு அருகில் நிற்கிறது? என் கணக்கில் சாமிப் பிள்ளைக்கு அருகில். அது எங்கிருந்தும் வரவில்லை. நார்வே செய்த கொடுமையைத் தமிழ்நாடு செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெலுங்கு வழிப் பள்ளிகள் இங்கே நடந்துதான் வந்தன. 1956இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்யச் சொல்கிறது.

சிக்கல் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தோடு வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயம் ஆனது. 2016 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அது எட்டியது. தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் படித்த பிள்ளைகள் வழக்காட வேண்டியதாயிற்று. பல பள்ளிகளுக்குத் தமிழாசிரியரே வரவில்லை என்பது அவர்கள் முறையீடு. சென்னை உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டுத் தேர்வுக்கு விலக்கை நீட்டித்தது.

சட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் வாழப்போகும் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் அது கடைசி வரை அந்நியமாகவே நிற்கும். ஆசிரியரை அனுப்பாமல் வினாத்தாளை மட்டும் அனுப்புவதுதான் தவறு. ஆந்திர அரசு நகரித் தமிழ்ப் பிள்ளையிடம் இப்படி நடந்தால் நாம் என்ன சொல்வோமோ, அதையே பள்ளிப்பட்டுத் தெலுங்குப் பிள்ளைக்காகவும் சொல்ல வேண்டும். எல்லைப் போராட்டத்தைப் பெருமையோடு நினைக்கிற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு.

வீட்டை விட்டு உண்மையிலேயே புறப்பட்டு வந்தவர்களை மட்டும் நாம் ஒன்றுமே கேட்பதில்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. தமிழ் தெரியவில்லையே என்று அவர்களைக் குறை சொல்லும் வாய்கள் நிறைய. மாலை வகுப்பு நடத்தும் இடம் ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. மேஸ்திரி சொல்வதே கூலிக் கணக்கு என்று அவர்கள் வாழ்கிறார்கள். மேஸ்திரிக்கு அது வசதியாகவும் இருக்கிறது.

பக்கத்துக் கேரளம் 2017இல் பெரும்பாவூரில் சங்ஙாதி என்ற திட்டத்தைத் தொடங்கியது. எழுத்தறிவு இயக்கம் ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலை அச்சிட்டு, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தது. திருவள்ளூரில் நாமும் சம்பளம், மருத்துவமனை, பேருந்து என்று அன்றாடம் வேண்டிய பேச்சிலிருந்து தொடங்கலாம். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். திருத்தணிப் பக்கம் பிறந்ததிலிருந்தே இரு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை அழைத்துப்போவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; அவர்களில் சிலரைப் பயிற்றுநராக்க மாவட்ட நிர்வாகம் முன்வரலாம். பள்ளிப்பட்டு தெலுங்குப் பள்ளிகளின் தமிழாசிரியர் காலியிடங்களை அதற்கும் முன்பே நிரப்ப வேண்டும். சூளை வகுப்பு, வேலைக்காலம் தொடங்கும் பொங்கலை ஒட்டியே தொடங்கினால்தான், மழைக்கு முன் ஊர் திரும்பும் குடும்பத்துக்குத் தன் கூலிச் சீட்டைத் தானே படிக்கும் அளவு தமிழாவது கைவரும்.